அடுத்து அழைப்பவருக்காக ஒரு வரி

பரணிலிருந்து இறக்கிய அட்டைப்பெட்டியில் 11 ஃப்ளாப்பிகள் கிடந்தன. யூஎஸ்பியில் செருகும் ட்ரைவ் ஒன்றை வாங்கிவந்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். முதல் 8 ஃப்ளாப்பிகளைப் படிக்கவே முடியவில்லை. கரகரவென்று சத்தம் மட்டும் வந்தது. ஒன்பதாவது நீல நிறத்தில் இருந்தது. அதன் மேல் ஒட்டிய காகிதத்தில் இருந்தது என் கையெழுத்தல்ல. தபால் உறைகளைப் படித்தே வாழ்நாளைக் கழித்த ஒரு மனிதர், யாரும் தவறாகப் படித்துவிடக் கூடாது என்று தனித்தனியாகப் பிரித்து எழுதிய பெரிய எழுத்துகள். ‘உன் நிரல், உன் கோப்புகள்’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். 1996-இல் டாலஸிலிருந்து தபாலில் வந்தது அது. நான் எழுதிய நிரலைத்தானே திருப்பி அனுப்பியிருக்கிறார், அதில் புதிதாகப் பார்க்க என்ன இருக்கிறது என்று நினைத்து அன்றைக்குப் பெட்டியில் போட்டதுதான், இப்போதுதான் திறந்தேன்.

உள்ளே நான்கு கோப்புகள். எல்லாம் சேர்த்து 60 கிலோபைட் கூட இல்லை. ஒன்று, டர்போ பாஸ்கல் என்ற நிரல் மொழியில் நான் எழுதிய நிரல். இரண்டாவது, மேற்கோள்கள் இருக்கும் எழுத்துக் கோப்பு. மற்ற இரண்டையும் பற்றிப் பிறகு சொல்கிறேன். இவை ஒரு பிபிஎஸ்ஸுக்காக, தொலைபேசி வழியாக அழைத்து நுழையும் அறிவிப்புப் பலகைக்காக, 1994-இல் எழுதியவை. பலகைக்குள் நுழைகிறவருக்கு ஒரு மேற்கோளைக் காட்டுவது மட்டுமே அந்த நிரலின் வேலை.

பிபிஎஸ் என்றால் என்னவென்று இப்போதைய வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். 1978 ஜனவரியில் சிகாகோவை மூடிய பெரும் பனிப்பொழிவில் வீட்டுக்குள் அடைபட்டிருந்த வார்டு கிறிஸ்டென்சன், நண்பர் ராண்டி சூஸுடன் பேசித் தொடங்கிய வேலை அது. சங்கத்து அறையின் தக்கைப் பலகையில் துண்டுச் சீட்டைக் குத்திவைப்பதுபோல, ஒரு கணினியில் செய்தியை விட்டுச்செல்ல முடிந்தால் என்ன என்று யோசித்தார்கள். பிப்ரவரி 16 அன்று அது இயங்கத் தொடங்கியது. அதன் பிறகு ஆயிரக்கணக்கானவர்கள் தங்கள் வீட்டு அறையில், கார் கொட்டகையில், கடையின் பின்புறத்தில் ஒரு கணினியையும், அதைத் தொலைபேசியோடு இணைக்கும் ஒரு மோடத்தையும் வைத்து இதையே செய்தார்கள். பெரும்பாலானவர்களிடம் இருந்தது ஒரே ஒரு தொலைபேசி இணைப்பு. ஆகவே ஒரு நேரத்தில் ஒருவர்தான் உள்ளே இருக்க முடியும். அவர் வெளியேறும் வரை மற்றவர்களுக்கு ‘எங்கேஜ்டு’ ஒலிதான் கேட்கும்.

நான் மேற்படிப்புக்காக டாலஸ் பக்கம் போனது 1993-இல். எஸ்டிடி பூத்தில் சிவப்பு எண்கள் ஓடுவதைப் பார்த்தபடியே பேசிப் பழகியவன் நான். அங்கே வீட்டுத் தொலைபேசிக்கு மாத வாடகை கட்டினால் போதும். உள்ளூர் அழைப்பில் எத்தனை மணி நேரம் இருந்தாலும் கூடுதலாக ஒரு காசு இல்லை என்று அறைத்தோழன் சொன்னபோது நான் நம்பவில்லை. அந்த மாதப் பில் வந்த பிறகுதான் நம்பினேன். அமெரிக்காவில் பலகைகள் இவ்வளவு செழித்ததற்கு மோடத்தைவிட இந்தக் கட்டண முறைதான் பெரிய காரணம் என்பது என் எண்ணம். நொடிக்கு 2400 பிட் அனுப்பும் பழைய மோடம் ஒன்றைச் சக மாணவர் ஒருவரிடமிருந்து வாங்கினேன். இரவு 11 மணிக்கு மேல், ஊர் எல்லைக்குள் இருந்த பலகைகளை ஒவ்வொன்றாக அழைப்பேன்.

அப்படிச் சிக்கியதுதான் அந்தப் பலகை. தபால் துறையில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற ஒருவர், தன் கார் கொட்டகையில் ஒரு 386 கணினியில் நடத்தியது. இப்படி நடத்துபவரை சிஸாப் என்பார்கள். அவர் பெயரையோ பலகையின் பெயரையோ இங்கே எழுதப்போவதில்லை. அவர் அதை விரும்பக்கூடியவர் அல்ல. கோப்புகள், விளையாட்டுகள் என்று வேறெதிலும் அவர் பெரிதாக அக்கறை காட்டவில்லை. கடிதப் பகுதிகள்தான் அவருக்கு உயிர். அவர் பலகை ஃபிடோநெட்டில் ஒரு கண்ணி. டாம் ஜென்னிங்ஸ் 1984-இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய ஃபிடோநெட்டில், பலகைகள் இரவில் ஒன்றையொன்று அழைத்து அஞ்சலைக் கைமாற்றிக்கொள்ளும். ஒரு பொது விவாதம் எல்லாப் பலகைகளிலும் எதிரொலிக்கும்படி செய்த ‘எக்கோமெயில்’ 1986-இல் டாலஸைச் சேர்ந்த ஜெஃப் ரஷ் எழுதியது. அதை எங்கள் சிஸாப் சொந்த ஊர்க்காரன் செய்த கோயில் திருப்பணி போலச் சொல்வார்.

மேற்கோள் நிரல் வேண்டுமென்று கேட்டதும் அவர்தான். எங்கள் பல்கலைக்கழகத்தின் யூனிக்ஸ் இயங்குதளக் கணினியில் உள்ளே நுழைந்தால் ‘ஃபார்ச்சூன்’ என்ற நிரல் ஒரு வரியைக் காட்டும். 1979-இல் வந்த ஏழாம் பதிப்பு யூனிக்ஸிலேயே அது இருந்தது. நல்ல வரி வந்த நாளில் அதைக் கடிதப் பகுதியில் எழுதிவைப்பேன். ஒருநாள் இரவு நான் ஏதோ படித்துக்கொண்டிருந்தபோது திரை நின்றது. சிஸாப் உரையாட வந்துவிட்டார். அவர் தன் விசைப்பலகையில் தட்டத் தட்ட எழுத்துகள் ஒவ்வொன்றாக என் திரையில் ஊர்ந்தன.

“உன் காலேஜ் மிஷின் செய்வதை என் மிஷினும் செய்யுமா?”

“செய்யும் சார். எழுதித் தருகிறேன்.”

“எனக்குக் கூலி கொடுக்க வசதியில்லை. உனக்குத் தினசரி நேர வரம்பை எடுத்துவிடுகிறேன்.”

எல்லோருக்கும் ஒரு நாளைக்கு 45 நிமிடம். எனக்கு வரம்பே இல்லை என்று அன்றிரவே மாற்றிவிட்டார், ஒரு வரி நிரல் கூட நான் எழுதுவதற்கு முன்பாகவே.

டாஸ் என்ற பழைய இயங்குதளம் உள்ள கணினியில் ஒரே நேரத்தில் ஒரு நிரல்தான் ஓடும். அழைப்புக்காகக் காத்திருப்பது ஒரு நிரல். அழைப்பு வந்ததும் அது ஒதுங்கிக்கொண்டு பலகையின் மென்பொருளை ஏற்றும். அழைத்தவர் போனை வைத்ததும் மறுபடி காத்திருக்கும் நிரல் ஏறும். இவற்றையெல்லாம் மாற்றி மாற்றி இயக்குவது, கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த ஒரு பேட்ச் கோப்பு, முடிவில்லாமல் சுற்றும் ஒரு வளையம். அந்த வளையத்தில் எங்கே என் நிரலைச் செருகுவது? பலகையின் மென்பொருளுக்கு, உள்ளே நுழைபவரிடம் ஒரு குறிப்பிட்ட எழுத்துக் கோப்பைக் காட்டத் தெரியும். ஆகவே என் நிரல் ஒரு மேற்கோளைத் தேர்ந்து அந்தக் கோப்பில் எழுதிவைத்துவிட்டால் போதும். அதற்குச் சரியான இடம், ஒருவர் வெளியேறிய பிறகும் அடுத்தவருக்காகக் காத்திருக்கத் தொடங்குவதற்கு முன்பும் இருக்கிற அந்த ஓரிரு நொடிதான்.

எழுதும்போது வெறும் வசதிக்காகச் செய்தேன். பிறகுதான் அது என் மனதைப் பிடித்துக்கொண்டது. நீங்கள் நுழையும்போது உங்களுக்காக எதுவும் தேர்ந்தெடுக்கப்படுவதில்லை. முன்னால் வந்தவர் போனை வைத்த அந்த நொடியில், அடுத்து யார் வருவார் என்று யாருக்குமே தெரியாத நேரத்தில், வரி எடுக்கப்பட்டுவிட்டது. அது கார் கொட்டகையின் இருட்டில் உங்களுக்காகக் காத்திருக்கிறது. பத்து நிமிடமோ நான்கு மணி நேரமோ.

முதல் பதிப்பைக் கொடுத்த இரண்டாம் நாள் சிஸாப் சொன்னார், எல்லோருக்கும் ஒரே வரிதான் வருகிறது என்று. கோப்பின் முதல் வரி, மறுபடியும் மறுபடியும். காரணம் எளிது. டர்போ பாஸ்கலின் தற்போக்கு எண், அதாவது தற்செயலாக வருவதுபோலத் தெரியும் எண், உண்மையில் ஒரு பெருக்கல் கணக்கு. கையில் உள்ள எண்ணை 134775813-ஆல் பெருக்கி 1 கூட்டினால் அடுத்த எண். தொடக்கத்தில் கையில் இருப்பது சுழியம். ‘ரேண்டமைஸ்’ என்று ஒரு கட்டளை கொடுத்தால் கணினியின் கடிகாரத்தைப் பார்த்துத் தொடக்க எண்ணை மாற்றிக்கொள்ளும். அந்தக் கட்டளையை நான் எழுதவில்லை. தொடர்ந்து ஓடும் நிரலாக இருந்தால் இரண்டாவது, மூன்றாவது எண்களாவது மாறியிருக்கும். என்னுடையது ஒவ்வோர் அழைப்புக்கும் புதிதாகப் பிறந்து, ஒரே ஓர் எண்ணை எடுத்து, செத்துப்போகிற நிரல். ஆகவே அதற்கு எப்போதும் முதல் எண்தான், எப்போதும் முதல் வரிதான். ஒரு சொல்லைச் சேர்த்ததும் சரியாகிவிட்டது. ஆனால் தற்செயல் என்பது கணினியில் தானாக இருப்பதில்லை, வெளியிலிருந்து அதைக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும் என்று எனக்குப் பாடப்புத்தகத்தைவிட அந்த இரண்டு நாள் நன்றாகச் சொல்லிக்கொடுத்தது. எங்கள் விஷயத்தில் அந்த வெளி எது? நொடிக்கு சுமார் 18.2 முறை துடிக்கும் கடிகாரத்தில், முந்தையவர் எந்தத் துடிப்பில் போனை வைத்தார் என்பது. அதாவது, உங்களுக்கு வரும் வரியைத் தீர்மானித்தது முன்பின் அறியாத ஒருவர் விடைபெற்ற கணம்.

இரண்டாவது தவறு இன்னும் நுட்பமானது. மேற்கோள்கள் வெவ்வேறு நீளம். நூறாவது வரி வேண்டுமென்றால் முதல் 99 வரிகளையும் படித்துத் தாண்ட வேண்டும். அதைத் தவிர்க்க ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தேன்: கோப்பின் நடுவில் ஏதாவது ஓர் எழுத்தின் மேல் தற்போக்காகக் குதிப்பது, அந்த வரியின் மிச்சத்தைத் தள்ளிவிட்டு அடுத்த வரியை எடுப்பது. வேகமாக ஓடியது. மூன்று வாரம் கழித்து ஒரு பெண்மணி, இரவுப் பணி செய்யும் செவிலியர், சிஸாப்புக்கு எழுதினார்: ஒரு சின்ன வரி தனக்கு மட்டும் ஆறு முறை வந்துவிட்டதாம். கோப்பைத் திறந்து பார்த்தேன். அந்தச் சின்ன வரிக்கு நேர் மேலே இருந்தது கோப்பிலேயே மிக நீளமான மேற்கோள். குதிக்கிறவன் நீள வரியின் மேல் விழத்தான் வாய்ப்பு அதிகம். விழுந்தால் எடுப்பது அதற்கு அடுத்த வரியை. 200 எழுத்து வரிக்குப் பின்னால் நிற்பதற்கு, 20 எழுத்து வரிக்குப் பின்னால் நிற்பதைவிடப் பத்து மடங்கு யோகம். பந்தியில் யாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தோம் என்பதைப் பொறுத்து இலை நிறைவதுபோல. ஃபார்ச்சூன் நிரலில் இந்தச் சிக்கலே கிடையாது. ஒவ்வொரு மேற்கோளும் எந்த இடத்தில் தொடங்குகிறது என்ற அட்டவணையை முன்கூட்டியே தனிக் கோப்பாக எழுதிவைத்துவிடுவார்கள். நானும் அப்படியே மாற்றினேன்.

இத்தனைக்குப் பிறகும் புகார் நிற்கவில்லை. இப்போது தேர்வு நேர்மையாகத்தான் நடந்தது, ஆனால் நேர்மையான தற்செயல் மனிதர்களுக்குத் தற்செயலாகத் தெரிவதில்லை. 400 வரி இருக்கிற கோப்பில் 24 அழைப்புகளுக்குள்ளேயே ஏதாவது ஒரு வரி இரண்டாம் முறை வந்துவிட பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. எங்கள் பலகைக்கு ஒரு நாளைக்கு வந்ததே ஏறக்குறைய அத்தனை அழைப்புதான். “உன் மிஷினுக்கு சில வரிகள் மேல் தனிப் பிரியம்” என்றார் சிஸாப். அப்படியில்லை என்று கணக்குப்போட்டுக் காட்டினேன். பொறுமையாகப் படித்துவிட்டு, “கணக்கு சரி. ஆனால் அழைப்பவர்கள் கணக்குப்போட வரவில்லையே” என்று எழுதினார்.

சீட்டுக்கட்டுதான் வழி. எல்லா வரிகளின் எண்களையும் ஒரு முறை குலுக்கி வரிசையாக அடுக்கிவைத்துக்கொள்வது. மேலிருந்து ஒன்றொன்றாக எடுப்பது. தீர்ந்த பிறகு மறுபடி குலுக்குவது. குலுக்குவதற்கு ரொனால்ட் ஃபிஷரும் ஃபிராங்க் யேட்ஸும் 1938-இலேயே ஒரு முறையைச் சொல்லிவிட்டார்கள், காகிதமும் பென்சிலும் வைத்துச் செய்வதற்காக. கணினிக்கு ஏற்றபடி அது சில வரிகளில் அடங்கும்: கடைசிச் சீட்டை, தன்னையும் சேர்த்து முன்னால் உள்ளவற்றில் ஏதாவது ஒன்றோடு மாற்று, பிறகு கடைசிக்கு முந்தியதை, இப்படியே முதல் சீட்டு வரை. ஒரே ஒரு கவனம் தேவை. பழைய கட்டின் கடைசிச் சீட்டே புதிய கட்டின் முதல் சீட்டாக வந்துவிட்டால் மறுபடி குலுக்க வேண்டும். நிரல் ஒவ்வோர் அழைப்புக்கும் புதிதாகப் பிறப்பதால், குலுக்கிய வரிசையையும் இதுவரை எத்தனை எடுத்தோம் என்பதையும் வட்டில் எழுதிவைக்க வேண்டும். ஃப்ளாப்பியிலிருந்த மூன்றாவது கோப்பு அதுதான்.

ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கட்டு வைக்கலாம் என்றும் ஒரு யோசனை சொன்னேன். ஒருவருக்கு 52 பைட் போதும், எந்தெந்த வரியைப் பார்த்துவிட்டார் என்று குறித்துக்கொள்ள. சிஸாப் மறுத்துவிட்டார். அப்போது அவர் சொன்னதை இன்றைக்கு நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது. யாருக்கு எதைக் காட்டினேன் என்று என் கணினி கணக்கு வைத்துக்கொள்ள வேண்டாம் என்றார். தபால்காரன் உறையைக் கொடுப்பான். யாருக்கு எத்தனை உறை வந்தது என்று எழுதிவைத்துக்கொள்ள மாட்டான் என்றார். இன்று நம் கையில் இருக்கும் ஒவ்வொரு திரையும் நாம் எதைப் பார்த்தோம், எத்தனை நொடி பார்த்தோம் என்று எழுதிவைத்துக்கொண்டு அதன்படியே அடுத்ததைக் காட்டுகிறது. 386 கணினியில் 52 பைட்டுக்கு இடம் இருந்தது. அவருக்குத்தான் மனமில்லை.

நிரலைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டேன். ஆனால் அந்தப் பலகையில் மக்கள் நின்று படித்தது நிரலையல்ல, கோப்பை. கோப்பைத் தொகுத்தது அவர்.

அந்தக் காலத்தில் மேற்கோள் கோப்புகளுக்குப் பஞ்சமே இல்லை. ஜிப் செய்த பொட்டலங்களாகப் பலகைக்குப் பலகை தாவிக்கொண்டிருக்கும். ஆயிரம் மேற்கோள், ஐயாயிரம் மேற்கோள் என்று தலைப்பே விளம்பரமாக இருக்கும். கடிதங்களின் அடியில் மூன்று புள்ளி வைத்து எழுதும் ‘டேக்லைன்’ இன்னொரு வகை. கடிதங்களை மொத்தமாக இறக்கிக்கொண்டு, இணைப்பைத் துண்டித்துவிட்டு நிதானமாகப் படிப்பதற்கான நிரல்கள் அதைத் தாமாகவே சேர்த்துவிடும்; மற்றவர் கடிதத்தில் நல்ல டேக்லைனைப் பார்த்தால் ஒரு விசையைத் தட்டி நம் கோப்புக்கு எடுத்துக்கொள்ளலாம். ‘திருடிவிட்டேன்’ என்று அவருக்கே எழுதுவதுதான் மரியாதை. வேடிக்கையான வழக்கம்தான். ஆனால் கைமாறக் கைமாற பெயர்கள் உதிர்ந்தன. உதிர்ந்த இடத்தில் பெரிய பெயர்கள் ஒட்டிக்கொண்டன. அரசியல் என்றால் சர்ச்சில், அறிவு என்றால் ஐன்ஸ்டைன், நகைச்சுவை என்றால் மார்க் ட்வெய்ன்.

சிஸாப் இதில் கண்டிப்பானவர். எங்கே படித்தாய் என்று சொல்லாத வரியைச் சேர்க்க மாட்டார். ‘நீ சொல்வதை நான் ஏற்கவில்லை, ஆனால் அதைச் சொல்லும் உன் உரிமைக்காக உயிரையும் கொடுப்பேன்’ என்ற பொருள்படும் வரியை வால்டேர் பெயரில் நால்வர் அனுப்பியிருந்தார்கள். அது வால்டேரின் மனப்போக்கை விளக்க 1906-இல் ஈவ்லின் பியாட்ரிஸ் ஹால் எழுதிய வாக்கியம். நகர நூலகத்தில் போய்ப் பார்த்துவிட்டு, வால்டேரை அடித்துவிட்டு அந்த அம்மையாரின் பெயரைப் போட்டார். பிறகு காந்தி. ‘கண்ணுக்குக் கண் என்றால் உலகமே குருடாகிவிடும்’ என்ற வரி வந்தபோது, “இது உன் ஆள், நீதான் பார்க்க வேண்டும்” என்று என்னிடம் தள்ளிவிட்டார். பல்கலைக்கழக நூலகத்தில் காந்தியின் எழுத்துத் தொகுதிகள் வரிசையாக நின்றன. ஒரு சனிக்கிழமை முழுவதும் சொல்லடைவுகளில் தேடினேன். கிடைக்கவில்லை. காந்தியின் வாழ்க்கையை எழுதிய லூயிஸ் ஃபிஷர் கிட்டத்தட்ட அதே வாக்கியத்தைத் தன் சொற்களில் எழுதியிருக்கிறார் என்பது எனக்குப் பின்னாளில் தெரிந்தது. அன்றைக்கு நான் கொண்டுபோனது வெறுங்கைதான். “கிடைக்கவில்லை என்பதும் ஒரு பதில்தான்” என்று சொல்லி அந்த வரியை விட்டுவிட்டார்.

வரிகளுக்கு அளவும் இருந்தது. டர்போ பாஸ்கலில் ஒரு சரத்தின், அதாவது எழுத்துத் தொடரின், உச்ச நீளம் 255 எழுத்து. திரையின் அகலம் 80 எழுத்து. ஆனால் 80-ஆவது இடத்திலும் எழுதினால் சில திரைகளில் தானாகவே அடுத்த வரிக்குப் போய், நடுவில் ஒரு வெற்று வரி விழும். ஆகவே 79. இதிலும் ஒரு சங்கடம் வந்தது. கமோடோர் 64 என்ற பழைய வீட்டுக் கணினி வைத்திருந்த ஒருவர் தினமும் அழைப்பார்; அவர் திரையில் 40 எழுத்துதான். 79-இல் மடித்த வரி அவருக்குப் பாதியில் சொல் ஒடிந்து தெரியும். சிஸாப் ஒரே ஒருவருக்காக எல்லா வரிகளையும் 38 எழுத்தில் மடிக்கச் சொன்னார். மடித்துப் பார்த்தபோது எல்லோருக்குமே அது நன்றாக இருந்தது. திரையின் இடப்புறத்தில் ஒல்லியாக, கவிதைபோல நின்றது.

என் 2400 மோடத்தில் நொடிக்கு 240 எழுத்து வரும். 70 எழுத்து வரி கண்ணிமைக்கும் நேரத்தில் வந்து நின்றுவிடும். அந்தக் கமோடோர்காரர் இன்னும் 300-இல் இருந்தார். அவருக்கு நொடிக்கு 30 எழுத்து. 80 எழுத்து அகலத்துக்கு எழுதிய முழுத் திரை ஒன்று வந்து முடிய ஒரு நிமிடத்துக்கு மேலாகும் என்பதால், வண்ணப் படங்கள் நிறைந்த பலகைகளை அவரால் பொறுக்க முடியாது. ஆனால் மேற்கோள் மட்டும் 300-இல்தான் அழகாக வரும் என்று அவர் ஒரு முறை எழுதியிருந்தார். படிக்கிற வேகத்தைவிடச் சற்றே வேகமாக, யாரோ எதிரில் உட்கார்ந்து சொல்வதுபோல ஒவ்வொரு சொல்லாக வருமாம். சொன்னவர் பெயர் கடைசியில் வரும்வரை யார் சொன்னது என்று யோசித்துக்கொண்டே இருக்கலாமாம். அதைப் படித்த பிறகு என் மோடத்தை 300-க்கு இறக்கி ஒருநாள் அழைத்துப் பார்த்தேன். அவர் சொன்னது உண்மை.

என் பங்குக்குக் குறள்கள் கொஞ்சம் சேர்த்தேன். ஏழே சீர், இரண்டே அடி. இந்தத் திரைக்கென்றே செய்த அளவு. ஆனால் தமிழ் எழுத்தைக் காட்ட வழியில்லை. ஐபிஎம் கணினியின் 256 குறிகளில் ஆங்கிலம் இருந்தது, ஐரோப்பிய எழுத்துகள் சில இருந்தன, பெட்டி வரையும் கோடுகள் இருந்தன, சீட்டுக்கட்டின் நான்கு இனங்கள் கூட இருந்தன. நமக்கு இடமில்லை. நானே ஆங்கிலத்தில் எழுதி, கீழே வள்ளுவர் பெயரைப் போட்டேன். எங்கே படித்தாய் என்று வழக்கம்போலக் கேட்டார். பள்ளியில் மனப்பாடம் செய்தது, புத்தகம் கையில் இல்லை என்றேன். அதிகாரமும் எண்ணும் நினைவிருக்கிறதா என்று கேட்டார். நினைவிருந்தது. எண்ணோடு சேர்த்துக்கொண்டார்.

அந்தச் சமயத்தில்தான் அவருக்குக் கயிறு சாத்திப் பார்ப்பதைப் பற்றிச் சொன்னேன். பெண்ணாகடத்து அச்சுத களப்பாளர் பிள்ளையில்லாத குறையைத் தன் குருவான சகலாகம பண்டிதரிடம் சொல்ல, அவர் தேவாரச் சுவடியில் கயிறு சாத்திப் பிரித்தார். சம்பந்தரின் திருவெண்காட்டுப் பதிகத்தில் பிள்ளை வரம் சொல்லும் பாடல் வந்தது. களப்பாளர் திருவெண்காடு சென்று வழிபட, சைவ சித்தாந்த ஆசிரியரான மெய்கண்டார் பிறந்தார் என்பது வரலாறாகச் சொல்லப்படுவது. சுவடிக்கட்டின் நடுவே கயிற்றைச் செருகி, எந்த ஏடு வருகிறதோ அதைத் தனக்கென்று வந்ததாக எடுத்துக்கொள்வது. என் பாட்டி இதை நம்பினார். நான் நம்புவதாக அன்றும் சொல்லமுடியாது, இன்றும் சொல்லமுடியாது. ஆனால் அந்தக் கதையில் எல்லோரும் கயிற்றையே பார்க்கிறார்கள். எனக்குச் சுவடிதான் தெரிகிறது. எந்த ஏடு வந்தாலும் ஏற்றுக்கொள்ளத் தக்கதாக அந்தக் கட்டு இருந்தது. அப்படியொரு கட்டில்தான் கயிறு சாத்த முடியும். சிஸாப் கேட்டுவிட்டு வெகுநேரம் எதுவும் தட்டவில்லை. பிறகு, கோப்பை முழுதாக ஒரு முறை படித்துப் பார்த்ததாகவும், எந்த நிலையில் இருக்கிறவருக்கும் காட்டக் கூசாத வரிகள் மட்டும் இருக்கட்டும் என்று முப்பதை எடுத்துவிட்டதாகவும் மறுநாள் எழுதியிருந்தார். இரவு இரண்டு மணிக்கு அழைக்கிறவர்கள் எதற்காக அழைக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது என்றும் எழுதியிருந்தார்.

1995-இல் படிப்பு முடிந்து ஊர் திரும்பினேன். அந்த ஆண்டில்தான் பெரும்பாலானவர்கள் இணையத்துக்கு மாறத் தொடங்கினார்கள். அதே தொலைபேசி, அதே மோடம், ஆனால் அழைத்த எண் வேறு. பலகைகள் ஒவ்வொன்றாக ஓசையில்லாமல் நின்றன. எங்களுடையது 1996 வசந்தத்தில் நின்றது என்று அந்த ஃப்ளாப்பியோடு வந்த துண்டுச் சீட்டில் எழுதியிருந்தார். தொலைபேசி நிறுவனத்திடம் சொல்லி இரண்டாவது இணைப்பை எடுத்துவிட்டதாகவும், கொட்டகையில் இப்போது கார் நிற்பதாகவும் இருந்தது. நான் பதில் எழுதினேன். அதற்குப் பிறகு கடிதம் வரவில்லை.

பரண் பெட்டியிலிருந்து எடுத்த கோப்புகளை, பழைய டாஸ் நிரல்களை இன்றைய கணினியில் ஓட்டும் டாஸ்பாக்ஸில் வைத்துத் திறந்தேன். மேற்கோள் கோப்பில் 412 வரிகள். நான் கிளம்பியபோது 370 கூட இல்லை. புதிய வரிகளில் பலவற்றின் கீழே பெரிய பெயர்கள் எதுவும் இல்லை. அழைப்பாளர்களின் முதற்பெயர்கள் இருந்தன. ஒருவர் தன் மகள் சொன்னதை எழுதியிருந்தார். கமோடோர்காரர் இரண்டு வரி எழுதியிருந்தார். அந்தச் செவிலியரின் பெயரில் ஒன்று. பெரிய மனிதர்கள் சொன்னதற்கு எங்கே படித்தாய் என்று கேட்டதுபோல, இவற்றுக்கும் ஆதாரம் குறித்திருந்தார்: ‘என்னிடம் சொன்னார்’, தேதியோடு.

மூன்றாவது கோப்பில் குலுக்கிய கட்டு அப்படியே இருக்கிறது. 412-இல் 287 எடுத்தாகிவிட்டது. நான்காவது கோப்பு, பலகை உள்ளே நுழைபவருக்குக் காட்டும் அந்த எழுத்துக் கோப்பு. 38 எழுத்தில் மடித்த நான்கு வரி. அதன் மேல் இருக்கும் நேரம் மார்ச் மாதத்து அதிகாலை 2 மணி 14 நிமிடம். கடைசியாக வந்தவர் அப்போதுதான் போனை வைத்திருக்கிறார். நிரல் ஓடி, அடுத்தவருக்காக ஒன்றை எடுத்து வைத்திருக்கிறது. கோடையில் புல்வெட்டும் இயந்திரத்துக்கு எண்ணெய் மாற்றுவதைப் பற்றி ஒருவருடைய தாயார் அவருக்குச் சொன்ன வரி. ‘என்னிடம் சொன்னார்’, 1995 அக்டோபர்.

நிரலை இன்னொரு முறை ஓட்டினால் அந்தக் கோப்பை அழித்துவிட்டு 288-ஆவது சீட்டை எழுதும். நான் ஓட்டவில்லை.